ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்த அம்மாவுக்கு இரட்சிப்பு உண்டா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த குடும்பத்தில் கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மூலமாக இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டு, பல வருடம் அடுப்படியில் நின்றபடியே ஜெபித்து வந்தார். துணிகளுக்கு அடியில் ஒரு புதிய ஏற்பாட்டை மறைத்து வைத்திருந்தார். விருப்பம் இருந்தும், குடும்பத்துக்குப் பயந்து ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. போன வருடம் நோயில் இறந்துவிட்டார். இப்போது நீங்கள் போகிற ஜெபக்கூட்டத்தில் ஒருவர் மாற்கு 16:16-ஐத் திறந்து காட்டி, தண்ணீர் ஞானஸ்நானம் இல்லாமல் செத்தவர்களுக்குப் பரலோகம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்டது, ஞானஸ்நானத்துக்கும் இரட்சிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பொதுவான ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அம்மாவின் கதி என்ன? நான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? அம்மாவுக்காக நானே எடுத்துக்கொள்ள முடியுமா?

நான் சி.எஸ்.ஐ. சபையில் ஆயராக இருந்தவன். இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்தவன். எங்கள் சபையில் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு, தெளித்தும் கொடுப்போம். நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் அந்த நண்பர் சொன்னது வேதாகமம் முழுவதையும் பார்த்துச் சொன்ன பதில் இல்லை. 2000 வருடத் திருச்சபையின் பெரும்பான்மைப் போதனையும் அது இல்லை. அதே சமயம், ஞானஸ்நானம் வெறும் சடங்கு, எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால், அதையும் புதிய ஏற்பாடு ஒத்துக்கொள்ளாது.

அவர் காட்டிய வசனத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." முதல் பாதியில் இரண்டு காரியம் இருக்கிறது, விசுவாசமும் ஞானஸ்நானமும். இரண்டாம் பாதியில் ஒன்றுதான் இருக்கிறது. ஆக்கினைத்தீர்ப்பு விசுவாசியாதவனுக்கு என்று சொல்லியிருக்கிறதே தவிர, ஞானஸ்நானம் பெறாதவனுக்கு என்று சொல்லவில்லை. விசுவாசித்தும் ஞானஸ்நானம் பெறாமல் போனவரைப் பற்றி இந்த வசனம் வாய் திறக்கவில்லை. வசனம் பேசாத இடத்தில் நாம் தீர்ப்பு எழுதக்கூடாது. இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. மாற்கு சுவிசேஷத்தின் கடைசி 12 வசனங்கள், அதாவது 16:9 முதல் 20 வரை, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி என்ற மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் சுவிசேஷம் 16:8-லேயே முடிந்துவிடுகிறது. அதனால் அந்தப் பகுதியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருச்சபை அதை ஆரம்ப நூற்றாண்டுகளிலிருந்தே வாசித்து வந்திருக்கிறது. ஆனால் ஒரு தாயின் நித்தியத்தைப் பற்றி உறுதியாகப் பேச வந்தவர், தன் முழு வாதத்தையும் அந்த ஒரு வசனத்தின் மேல் கட்டக்கூடாது.

இதற்குப் பதிலாகப் பெரும்பாலானவர்கள் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் காட்டுவார்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னாரே, அவன் எந்தத் தண்ணீரில் இறங்கினான் என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு மறுப்பும் உண்டு. போய் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆண்டவர் கட்டளை கொடுத்தது உயிர்த்தெழுந்த பிறகு. கள்ளன் அதற்கு முன்பே இறந்துவிட்டான், ஆகவே அவன் நமக்கு முன்மாதிரி இல்லை என்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனால் நான் கள்ளனை மட்டும் நம்பி வாதாட மாட்டேன். அதைவிட உறுதியான சாட்சி அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. செசரியாவில் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரும் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறார். கூட வந்த யூத விசுவாசிகள் திகைத்துப்போகிறார்கள். தேவன் ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி அவர்களுக்குத் தெரியாது. ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆனால் அந்த அதிகாரத்தை அந்த இடத்தோடு மூடிவிடக் கூடாது. ஆவியானவர் ஏற்கெனவே இறங்கிவிட்டாரே, இனி தண்ணீர் எதற்கு என்று பேதுரு சொல்லவில்லை. "நம்மைப்போலப் பரிசுத்த ஆவியைப் பெற்ற இவர்களும் ஞானஸ்நானம் பெறாதபடிக்கு எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா" என்று கேட்டு, உடனே ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிடுகிறார். தேவன் தண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை, அப்போஸ்தலரோ தண்ணீரை விட்டுவிடவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், இந்த விஷயத்தில் நடக்கிற பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும்.

ஞானஸ்நானத்தைப் பற்றி உயர்வாகப் பேசுகிற வசனங்கள் நிறையவே இருக்கின்றன, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார் (அப்போஸ்தலர் 2:38). தமஸ்குவில் அனனியா பவுலைப் பார்த்து, ஞானஸ்நானம் பெற்று உன் பாவங்கள் போகக் கழுவப்படு என்கிறார். ரோமர் 6-இல் பவுல், ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துவோடு மரித்து அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார். கலாத்தியர் 3:27-இல் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டோம் என்கிறார். 1 பேதுரு 3:21 ஞானஸ்நானம் இரட்சிக்கிறது என்றே சொல்லிவிட்டு, அது மாம்ச அழுக்கை நீக்குவது அல்ல, நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்றும், இரட்சிப்பு இயேசுவின் உயிர்த்தெழுதலினால் வருகிறது என்றும் அதே மூச்சில் விளக்குகிறது. நம் ஊர்ப் பிரசங்கங்களில் ஒரு உவமை அடிக்கடி வரும்: ஞானஸ்நானம் கல்யாண மோதிரம் மாதிரி, மோதிரம் இல்லாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான், அது வெறும் அடையாளம் என்று. எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. பவுலின் வார்த்தைகளைப் படித்தால், ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றுக்கு வெளியே மாட்டுகிற அடையாளத்தைப் பற்றி அவர் பேசுகிற மாதிரி இல்லை. அங்கே தேவன் ஒன்றைச் செய்கிறார், அந்த ஆள் கிறிஸ்துவோடு சேர்க்கப்படுகிறார் என்றுதான் பேசுகிறார். ஆனாலும் அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஞானஸ்நானம் கொடுக்கும்படி கிறிஸ்து என்னை அனுப்பவில்லை, சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கவே அனுப்பினார் என்கிறார். தன் கையால் யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதைக்கூட அவர் சரியாக நினைவு வைத்திருக்கவில்லை. தண்ணீர்தான் இரட்சிப்பின் முழுத் திறவுகோல் என்று நினைத்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க முடியாது.

இந்த இரண்டு விதமான வசனங்களும் எப்படி ஒன்றாக நிற்கின்றன? என் அனுபவத்தில் மாணவர்களுக்கு இது புரிவது, அப்போஸ்தலருடைய நடபடிகளில் நேரத்தைக் கவனிக்கும்போதுதான். பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3000 பேர் அன்றைக்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில், காயங்களைக் கழுவின கையோடு, தன் வீட்டாரோடு பெற்றான். எத்தியோப்பிய மந்திரி காசாவுக்குப் போகிற வழியில் தண்ணீரைப் பார்த்ததும், நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன என்று கேட்டு ரதத்தை நிறுத்தினார். விசுவாசத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அங்கே இடைவெளியே இல்லை. அதனால்தான் ஆசிரியர்கள் சில நேரம் விசுவாசத்தால் இரட்சிப்பு என்பார்கள், சில நேரம் ஞானஸ்நானத்தால் என்பார்கள். அவர்களுக்கு அது ஒரே நிகழ்ச்சி. விசுவாசித்துவிட்டு, பத்து இருபது வருடம் ஞானஸ்நானம் இல்லாமல் வாழ்ந்து இறந்துபோன ஒருவரைப் பற்றி என்ன சொல்வது என்ற உங்கள் கேள்வியை புதிய ஏற்பாடு நேராக எதிர்கொள்ளவே இல்லை. அதற்கு ஒரே வசனத்தில் பதில் இருக்கிறது என்று சொல்கிறவர், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், மிகைப்படுத்திச் சொல்கிறார்.

அந்த இடைவெளி பிற்பாடு உண்டானது. உபத்திரவக் காலத்தில், வருகிறவர்களைச் சோதித்துப் பயிற்றுவித்த பிறகே ஞானஸ்நானம் என்ற ஒழுங்கு வந்தது. ரோமைச் சேர்ந்த ஹிப்போலித்து எழுதியதாகக் கருதப்படுகிற ஒரு பழைய சபை ஒழுங்கு நூல், ஆயத்தக்காரர்கள் 3 வருடம் கேட்டுக் கற்க வேண்டும் என்கிறது. அவ்வளவு காலம் காத்திருந்தால் நடுவில் சிலர் இறப்பார்கள் அல்லவா? அதே நூல் அதற்கும் பதில் சொல்கிறது: ஆயத்தத்தில் இருக்கும்போது ஆண்டவரின் பெயருக்காகக் கொல்லப்பட்டவர் தன் சொந்த இரத்தத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், அவரைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாம் என்று. இரத்த ஞானஸ்நானம் என்ற எண்ணம் இப்படித்தான் நிலைத்தது. நான்காம் நூற்றாண்டில் வேறொரு காரணத்துக்காகவும் தள்ளிப்போட்டார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு பாவம் செய்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் பலருக்கு இருந்தது. கான்ஸ்டன்டைன் பேரரசரே 337-இல் மரணப்படுக்கையில்தான் பெற்றார்.

அப்புறம் 392-இல் நடந்த ஒரு சம்பவம். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியை ஆண்ட இரண்டாம் வாலந்தீனியன் அப்போது 21 வயது இளைஞன். ஞானஸ்நானம் பெற ஆசைப்பட்டு, மிலான் நகரப் பேராயர் அம்புரோசியுவை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். அவர் வந்து சேர்வதற்குள், இன்றைய பிரான்சில் உள்ள வியன் நகரத்தில், அவன் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்றும் கொலை என்றும் இரண்டு விதமாகப் பேசப்பட்டது. அவனுடைய சகோதரிகள் தேற்றுவாரின்றி அழுதார்கள். சகோதரன் செத்துப்போன துக்கத்தோடு, ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டானே என்ற துக்கமும் சேர்ந்துகொண்டது. அடக்க ஆராதனையில் அம்புரோசியு அவர்களை நேராகப் பார்த்துப் பேசினார். அந்தப் பிரசங்கம் இன்றும் இருக்கிறது. அவன் விரும்பினான், கேட்டான். கேட்டதால் பெற்றுக்கொண்டான் என்பது அவருடைய வாதம். இரத்தசாட்சிகள் தங்கள் இரத்தத்தால் கழுவப்பட்டார்கள் என்றால், இவனை இவனுடைய பக்தியும் வாஞ்சையும் கழுவின என்றார். ஞானஸ்நானத்தை அலட்சியமாக நினைத்தவர் அல்ல இவர். அவரே பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது ஞானஸ்நானம் பெறாமல் இருந்து, சில நாட்களுக்குள் அதைப் பெற்று அபிஷேகமானவர். அகஸ்தீனுக்கு 387-இல் உயிர்த்தெழுதல் பண்டிகையில் ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் அந்தச் சகோதரிகளிடம் சொன்ன பதில் இது.

கத்தோலிக்கத் திருச்சபை இதையே விருப்பத் திருமுழுக்கு என்று போதித்து வருகிறது (ஞானஸ்நானத்தை அவர்கள் திருமுழுக்கு என்பார்கள்). திருமுழுக்கு மீட்புக்கு அவசியம் என்று உறுதியாகச் சொல்கிற அதே திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றும் சொல்கிறது. ஆங்கிலேய, ஸ்காட்லாந்து பிரெஸ்பித்தேரியர்களின் 1640-களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை வேறு வழியாக வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது: ஞானஸ்நானத்தை இகழ்வதோ அசட்டை செய்வதோ பெரிய பாவம், ஆனாலும் அது இல்லாமல் ஒருவரும் இரட்சிக்கப்பட முடியாது என்கிற அளவுக்குக் கிருபை அதோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. லூத்தர் ஞானஸ்நானத்தை மிக உயர்வாகப் பேசியவர், ஆனால் தண்ணீர் தனியாக எதையும் செய்யாது, தண்ணீரோடு சேர்ந்திருக்கிற தேவனுடைய வார்த்தையும் அதை நம்புகிற விசுவாசமுமே செய்கின்றன என்று 1529-இல் தன் சிறிய ஞானோபதேசத்தில் எழுதினார். பாப்டிஸ்ட் சபைகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் முழுக்கு ஞானஸ்நானத்தை வற்புறுத்தினாலும், அது கீழ்ப்படிதல் என்றுதான் போதிக்கின்றன. அதுதான் இரட்சிக்கிறது என்று போதிப்பதில்லை. நாகர்கோவில் பக்கம் உங்களுக்குப் பழக்கம் இருந்தால் இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். வடசேரியில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை நடத்துகிற இரட்சணிய சேனை 1883 முதல் ஞானஸ்நானமோ திருவிருந்தோ கொடுப்பதே இல்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று குமரி மாவட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் நிலைப்பாடு எனக்கு உடன்பாடில்லை; ஆண்டவர் கொடுத்த கட்டளையை விட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்களுடைய விசுவாசத்தை என்னால் மறுக்க முடியாது.

உங்கள் நண்பர் சொன்னதைப் போதிக்கிற சபைகளும் இருக்கத்தான் செய்கின்றன, அதையும் மறைக்கக்கூடாது. கிறிஸ்துவின் சபை என்ற பெயரில் இயங்குபவர்களில் பலரும், இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கிற ஒருத்துவப் பெந்தெகொஸ்தேயினரும் தண்ணீர் ஞானஸ்நானத்தை இரட்சிப்புக்கு இன்றியமையாதது என்று போதிக்கிறார்கள். அப்போஸ்தலர் 2:38-ஐ அவர்கள் சும்மா பிடித்துக்கொண்டிருக்கவில்லை, வசனம் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால் கொர்நேலியுவின் வீட்டில் நடந்ததற்கு அவர்கள் தருகிற விளக்கம் எனக்கு ஒருபோதும் திருப்தி தரவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற லூத்தரன் இறையியலாளர் சென்னையில் கற்பித்த காலத்தில், 1980-களில், சென்னையிலும் தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களிலும் இயேசுவை மட்டுமே வணங்கி, ஞானஸ்நானம் பெறாமல் வாழ்கிறவர்களைத் தேடிப்போய்ப் பேசி ஆராய்ந்தார். 1991-இல் அது நூலாக வந்தது. அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட மிக அதிகம் என்பதை அது வெளியே கொண்டுவந்தது. அவர்களில் பலர் வீட்டுப் பெண்கள். காரணம் விசுவாசக் குறைவு அல்ல. நம் சமூகத்தில் ஞானஸ்நானம் என்றால் சாதியை விட்டு, குடும்பத்தை விட்டு இன்னொரு கூட்டத்துக்குப் போய்விட்டதாக அர்த்தம். பெயர் மாறும், பொட்டு போகும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது நிற்க இடம் இருக்காது, நாளைக்கு மகளுக்கு வரன் தேடும்போது பேச்சு வரும். திருநெல்வேலியில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்றது சொந்த ஊரில் அல்ல, சென்னையில். கற்றறிந்த ஆண்மகனுக்கே சொந்த ஊரில் அது எளிதான காரியமாக இருந்திருக்காது. கையில் காசில்லாமல், புகுந்த வீட்டில் இருந்த உங்கள் அம்மாவை யோசித்துப் பாருங்கள்.

ஆயராக நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆற்றில் ஞானஸ்நானம் நடக்கும்போது, இடுப்பளவு தண்ணீரில் ஆயர் நிற்பார். வெள்ளை உடுத்தினவர் ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். ஆயர் ஒரு கையைப் பிடரிக்குப் பின்னால் கொடுத்து, கைகளை மார்பில் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லி அமிழ்த்தி எடுப்பார். கரையில் துண்டோடு சபை மூப்பர்களின் மனைவிமார் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கூட்டத்தோடு சேராமல் இரண்டு மூன்று பெண்கள் பூவும் பொட்டுமாக நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பாட்டு அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். உதடு அசையும். கேட்டால், சும்மா பார்க்க வந்தோம் என்பார்கள். அவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, டம்ளர் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சிலருக்கு அந்தச் சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு கூட்டத்தாருக்கும் நடுவில், ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து நித்தியத்தைப் பிரிக்கிற தேவனை நான் வேதத்தில் சந்திக்கவில்லை.

சரி, பயந்து மறைத்தாரே, மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்று ஆண்டவர் சொன்னாரே என்று நீங்கள் கேட்கலாம், அல்லது உங்களிடம் யாராவது கேட்கலாம். அந்த வார்த்தை கனமானது, அதை நான் லேசாக்க மாட்டேன். ஆனால் மறுதலிப்பது வேறு, பயந்து வெளியே சொல்லாமல் இருப்பது வேறு. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பை யோவான் 19:38 எப்படி அறிமுகம் செய்கிறது பாருங்கள்: யூதருக்குப் பயந்ததினால் இயேசுவுக்கு அந்தரங்க சீஷன். பயத்தை மறைக்காமல் சொல்கிறது. ஆனாலும் சீஷன் என்றே சொல்கிறது. உங்கள் அம்மாவிடம் யாராவது இயேசுவைத் தெரியாது என்று சொல் என்று கேட்டு, அவர் அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அவர் ஞானஸ்நானத்தை இகழவும் இல்லை, விரும்பினார், முடியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். சந்தர்ப்பம் இருந்தும் அலட்சியப்படுத்துவது ஒன்று, வழி அடைபட்டுக் கிடப்பது இன்னொன்று. திருச்சபை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதில்லை. உங்கள் அம்மாவின் உள்ளத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லை, உங்கள் நண்பருக்கும் இல்லை. ஆனால் நம்பிக்கையோடு இருக்க உங்களுக்கு வேதத்திலும் திருச்சபையின் போதனையிலும் போதிய ஆதாரம் இருக்கிறது என்று, இத்தனை வருடம் இதைப் படித்தவனாகச் சொல்கிறேன்.

இனி உங்கள் காரியம். விசுவாசிக்கிறீர்கள் என்றால் ஞானஸ்நானம் எடுங்கள். எடுக்காவிட்டால் நரகம் என்ற பயத்தில் எடுக்காதீர்கள். ஆண்டவர் கட்டளையிட்டார், உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறார் என்பதற்காக எடுங்கள். நம் விசுவாசம் ஒரு நாள் பலமாக இருக்கும், இன்னொரு நாள் ஆடிப்போகும். ஞானஸ்நானம் நமக்கு வெளியே, சாட்சிகள் முன்னால், ஒரு தேதியில் நடந்த காரியம். லூத்தர் சோதனை நேரங்களில் நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று சொல்லித் தன்னைத் திடப்படுத்திக்கொண்டது இதனால்தான். அது உங்களை ஒரு சபையோடும் சேர்க்கிறது. உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் ஆண்டவரை இழக்கவில்லை. கூட நின்று ஜெபிக்கிற சகோதரிகளையும், திருவிருந்தையும், துணையையும் இழந்தார். அந்த இழப்பு சிறியது அல்ல.

முழுக்கா, தெளிப்பா என்ற கேள்வி சீக்கிரமே உங்களிடம் வரும். முதல் நூற்றாண்டின் முடிவையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த டிடாக்கே என்ற பழைய கையேடு, ஓடுகிற தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீர், எதுவும் போதிய அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது. முழுகுவதுதான் வழக்கம், ஊற்றினாலும் செல்லும் என்று ஆதியிலேயே தீர்த்துவிட்டார்கள். குழந்தை ஞானஸ்நானம் உங்கள் விஷயத்தில் எழவில்லை, அதனால் விரித்து எழுதவில்லை. புதிய ஏற்பாட்டிலிருந்து மட்டும் அதை உறுதியாக நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாது என்பதையும், 200-ஆம் ஆண்டையொட்டி தெர்த்துல்லியன் அதைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதியதிலிருந்து அப்போதே அது வழக்கத்தில் இருந்தது தெரிகிறது என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உலக காரியம் ஒன்றும் உண்டு, ஆயர்கள் பலர் இதை முன்கூட்டியே சொல்வதில்லை. நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவீர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்துகொண்டே இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தச் சட்டம் அநியாயமானது என்பது என் கருத்து. தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாக இதற்கு எதிராகப் போராடி வருகிறார்கள். ஆனால் இன்றைக்கு நிலைமை இதுதான். இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் பேச வேண்டியவர்களிடம் பேசி, ஆயரிடம் ஆயத்த வகுப்பு கேட்டுச் சேருங்கள். இன்றைக்கே எடு, நாளைக்கு நீ உயிரோடிருப்பாயோ என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை. ஆயத்தத்தில் இருக்கிறவரை ஆதித் திருச்சபை தன் பிள்ளையாகவே எண்ணியது.

கடைசியாக, அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் எடுக்கலாமா என்பது. 1 கொரிந்தியர் 15:29-இல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றிப் பவுல் ஒரு வரி சொல்கிறார். உயிர்த்தெழுதல் உண்டு என்று வாதாடும்போது அதைச் சொல்கிறார். செய்யச் சொல்லவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. கொரிந்துவில் என்ன நடந்தது என்பதில் விளக்கக்காரர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பழைய காலத்தில், இரண்டாம் நூற்றாண்டில் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன மார்சியோனின் கூட்டத்தார் அப்படிச் செய்ததாக, நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கியான கிறிசோஸ்தோம் சொல்கிறார். இன்று மார்மன் சபையார் செய்கிறார்கள். மற்றபடி கத்தோலிக்கரோ, ஆர்த்தடாக்ஸ் சபையாரோ, நாங்களோ, பெந்தெகொஸ்தேயினரோ செய்வதில்லை. அதனால் வேண்டாம். உங்கள் ஞானஸ்நானம் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆராதனையில் அம்மாவின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தும்படி ஆயரிடம் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள், சாட்சி சொல்லச் சொன்னால் அந்தப் புதிய ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் சபைகளில் அதற்கு ஆயர்கள் மறுப்புச் சொன்னதை நான் பார்த்ததில்லை.